ரிமோட்டை அழுத்தினாலும் ஃபேன் அசையவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரன், எலக்ட்ரிக்கல் வேலை. தெற்கே கடலூர் மஞ்சக்குப்பம் வரைக்கும் பைக்கில் போய் வேலை பார்ப்பதுண்டு. முன்பெல்லாம் ஃபேனுக்காக யாராவது கூப்பிட்டால் கண்டென்சர் போயிருக்கும், இல்லாவிட்டால் பேரிங் கத்தும். இப்போது உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு வைத்து ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கூப்பிடுகிறவர்கள் சொல்வதும் மாறிவிட்டது: "அண்ணே, ரிமோட் வேலை செய்யல."

போய்ப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் ஏணியை விரிக்காமலேயே வேலை முடிந்துவிடுகிறது. அதற்குக் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் வழக்கமாக வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். என்னைக் கூப்பிடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நேற்று ராத்திரி வரைக்கும் ஓடிய ரிமோட், காலையில் வேலை செய்யவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

சுவரில் இருக்கும் ஸ்விட்சை. சிரிக்காதீர்கள். ரிமோட் உத்தரவு மட்டும்தான் கொடுக்கும். அதைக் கேட்க ஃபேனுக்குள் இருக்கும் போர்டுக்குக் கரண்டு வேண்டும். சுவர் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் காது இல்லாதவரிடம் பேசுவது போலத்தான். கடலூர் ஓல்டு டவுனில் ஒரு வீட்டுக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை போனேன். மூன்று முறையும் தாத்தாதான் காரணம். அறையை விட்டு யார் வெளியே போனாலும் பின்னாலேயே வந்து ஸ்விட்சை அணைப்பது அவருக்கு அறுபது வருடப் பழக்கம். ரிமோட்டில் அணைத்தால் அணைத்த மாதிரியே அவருக்குத் தோன்றாது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ராத்திரி ரிமோட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்கிறீர்கள். காலையில் வேறொருவர் வந்து சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார், ஃபேன் சுற்றவில்லை. சில மாடல்கள் கடைசியாக இருந்த நிலையை நினைவில் வைத்திருக்கும். நிறுத்திய ஃபேன் நின்ற ஃபேனாகவே இருக்கும். கெட்டுப்போகவில்லை. ரிமோட்டில் ஆன் பட்டனை அழுத்தினால் சுற்றும்.

இன்னொன்று, பொறுமை. பழைய ஃபேன் போல இது ஸ்விட்ச் போட்டவுடன் பாய்ந்து ஓடாது. மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கச் சில விநாடி எடுத்துக்கொள்ளும். "சுத்தலையே" என்று அதற்குள் மறுபடி அழுத்தினால் அது ஆஃப் உத்தரவாகப் போய்ச் சேரும். அழுத்திவிட்டு ஐந்து வரை எண்ணுங்கள்.

புது செல் போட்டும் வேலை செய்யவில்லையே?

கடையில் இன்று வாங்கியதால் அது புது செல் ஆகிவிடாது. பெட்டிக்கடை வாசலில் சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் தொங்கிய செல் உங்கள் கைக்கு வரும்போதே பாதி உயிரோடுதான் வரும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு செல்லையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலக்காதீர்கள். பிளஸ், மைனஸ் பார்த்துப் போடுங்கள்: ஸ்பிரிங் இருக்கும் பக்கம் செல்லின் தட்டையான அடிப்பாகம்.

இதெல்லாம் ஊர் உலகத்துக்கே பொதுவானது. நம் கடற்கரைக்கென்று தனியாக ஒன்று உண்டு: உப்புக்காற்று. வைத்திக்குப்பம், குருசுகுப்பம், கடலூரில் தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்துபோகிறது. கோழி இறகுத் தண்டு கனம்கூட இல்லாத ரிமோட் ஸ்பிரிங் என்ன பாடுபடும்? உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் ஸ்பிரிங்கின் மேல்பூச்சை அரிக்கும். அதன் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படலம் படியும். செல்லில் முழுச் சார்ஜ் இருந்தாலும் அந்தப் படலத்தைத் தாண்டிக் கரண்டு போகாது. வைத்திக்குப்பத்தில் ஒரு அம்மா ஆறு மாதத்தில் நான்கு ஜோடி செல் மாற்றியிருந்தார். ரிமோட்டை வைக்கும் இடம் எது என்று கேட்டேன். கடல் பார்த்த ஜன்னல் திண்டு!

செய்ய வேண்டியது இதுதான். செல்லைக் கழற்றுங்கள். நைசான உப்புத்தாளை விரல் அகலம் கிழித்து, ஸ்பிரிங் நுனியையும் எதிர்ப்பக்கத் தகட்டையும் மெதுவாகத் தேயுங்கள். பளபளப்பு தெரிந்தால் போதும். வேகமாகத் தேய்த்தால் இருக்கிற பூச்சும் போய் அடுத்த மாதமே துரு பிடிக்கும். உப்புத்தாள் இல்லாவிட்டால் பென்சில் அழிக்கும் ரப்பர் போதும். செல்லின் இரண்டு முனைகளையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, போட்ட பிறகு கட்டைவிரலால் நாலைந்து தடவை உருட்டி விடுங்கள். உருட்டியதும் ரிமோட் வேலை செய்தால் குற்றவாளி ஸ்பிரிங்தான், செல் இல்லை.

ஸ்பிரிங் தளர்ந்து செல்லைத் தொடாமல் நின்றால், அலுமினியத் தாளைச் சின்னதாக மடித்து இடையில் வைக்கலாம். தற்காலிகத்துக்குத்தான்.

செல் கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூக்கி எறிய வேண்டியதுதானா?

வேண்டாம், பெரும்பாலும் பிழைக்கும். அது என்ன செல் என்று முதலில் பாருங்கள். ஆல்கலைன் என்று போட்டிருந்தால் கசிவது காரம். எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தால் கரையும். மலிவு விலைச் சாதாரண செல்லில் கசிவது சற்று அமிலத்தன்மை உள்ளது. அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தொடுங்கள். எதில் துடைத்தாலும் பிறகு ஈரப்பஞ்சால் ஒருமுறை, காய்ந்த பஞ்சால் ஒருமுறை துடைத்து, மூடி திறந்தபடியே அரை நாள் காய விடுங்கள். சாற்றை உள்ளே ஊற்றாதீர்கள், ரசம் வைக்கவில்லை. கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் கழுவுங்கள். சுரண்டும்போது அந்தத் தூள் கண்ணில் தெறிக்கக்கூடாது.

பச்சைக் களிம்பு ஸ்பிரிங்கைத் தாண்டி உள்ளே போர்டு வரை ஏறியிருந்தால் புது ரிமோட் வாங்கிவிடுங்கள்.

ரிமோட் கெட்டதா, ஃபேன் கெட்டதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்த விஷயத்தின் அச்சாணி இந்தக் கேள்விதான். இதற்கு விடை தெரியாமல் ஃபேனைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஃபேன் ரிமோட்டுகளில் இரண்டு ஜாதி. ஒன்று அகச்சிவப்பு ஒளியில் பேசுவது, ஐ.ஆர். என்பார்கள், டி.வி. ரிமோட் போல. இன்னொன்று ரேடியோ அலையில் பேசுவது, ஆர்.எஃப்.; கார் சாவி போல. எது உங்களுடையது என்று பார்க்க, வேலை செய்யும் நாளிலேயே ரிமோட்டின் முனையை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு அழுத்திப் பாருங்கள். பொத்தினால் கேட்கவில்லை என்றால் ஐ.ஆர். பொத்தினாலும், பக்கத்து அறையிலிருந்து அழுத்தினாலும் கேட்டால் ஆர்.எஃப். ஐ.ஆர். ரிமோட்டின் நெற்றியில் சின்னக் கண்ணாடி பல்போ கறுத்த பிளாஸ்டிக்கோ இருக்கும்.

ஐ.ஆர். என்றால் செல்போனே போதும். கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருங்கள். போன் திரையில் அந்த பல்பு ஊதா அல்லது வெள்ளையாக மினுக்கும். அந்த ஒளி சுமார் 940 நானோமீட்டர் அலைநீளம். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். விநாடிக்கு 38,000 முறை துடிக்கும் அந்த வெளிச்சத்தை விட்டுவிட்டு அனுப்பித்தான் ரிமோட் தன் சேதியைச் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை: பல போன்களின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருக்கும், எதுவும் தெரியாது. செல்ஃபி கேமராவில் பாருங்கள். அதற்கும் முன்னால் நன்றாக வேலை செய்யும் டி.வி. ரிமோட்டை வைத்து உங்கள் போனுக்குப் பார்வை உண்டா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் "மின்னல, ரிமோட் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்.

மின்னவில்லை என்றால் கோளாறு கையில் இருக்கிறது: செல், ஸ்பிரிங், ரிமோட்டின் போர்டு. மின்னுகிறது என்றால் அநேகமாக ரிமோட் பிழைத்துவிட்டது; கோளாறு வழியிலோ மேலேயோ இருக்கிறது. ஒரு பட்டனுக்கு மட்டும் மின்னவில்லை, மற்ற பட்டன்களுக்கு மின்னுகிறது என்றால் அது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

ஆர்.எஃப். ரிமோட்டுக்கு இந்தச் சோதனை பலிக்காது. அதில் அழுத்தும்போது எரியும் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால் அது செல்லின் உயிரைத்தான் காட்டும், அலை போகிறதா என்பதைக் காட்டாது. அதே மாடல் ரிமோட் அக்கம்பக்கத்தில் இருந்தால் இரவல் வாங்கி, உங்கள் ஃபேனோடு ஜோடி சேர்த்துப் (எப்படி என்று கீழே சொல்கிறேன்) பார்ப்பதே நிச்சயமான வழி. பார்த்த பிறகு அவர்கள் வீட்டு ஃபேனோடு திரும்பச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்!

கேமராவில் மின்னுகிறது. ஆனால் ஃபேன் கேட்கவில்லை.

ஃபேனின் அடிமூடியில் அல்லது அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி, சின்னக் குமிழ் மாதிரி இருக்கும். அதுதான் கண். சுவர் ஸ்விட்சை அணைத்து, இறக்கை நின்ற பிறகு அதைக் காய்ந்த துணியால் துடையுங்கள். ஒட்டடை, எண்ணெய்ப் பிசுக்கு, கொசுவர்த்திப் புகை எல்லாம் படியும் இடம் அது. சமையலறையை ஒட்டிய கூடத்தில் சொல்லவே வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த மறுநாளிலிருந்து இரண்டு ஃபேன் கேட்கவில்லை. மேலே பார்த்தேன். பெயின்டர் ரோலரை உருட்டும்போது ஃபேனை மூடாமல் விட்டிருக்கிறார். கண்ணின் மேல் வெள்ளை டிஸ்டெம்பர் துளி. நகத்தால் சுரண்டியதும் 'பீப்' என்று ஃபேன் பதில் சொன்னது. வீட்டுக்காரர் அதற்குள் புது ரிமோட் ஒன்று ஆர்டர் போட்டிருந்தார்.

அப்புறம் உயரம். புதுச்சேரி தமிழர் பகுதியிலும் பிரெஞ்சுக்காரர் பகுதியிலும் பழைய வீடுகள் மெட்ராஸ் டெரஸ் கூரை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்த உயரத்தில் நீளமான டவுன் ராடு (கூரையிலிருந்து ஃபேனைத் தொங்கவிடும் குழாய்) போடாமல் மேலேயே ஃபேனை மாட்டினால், கட்டிலில் படுத்தபடி ஓரத்திலிருந்து அழுத்தும் ஒளி கோணலாகப் போய்ச் சேரும். செல் புதிதாக இருக்கும்வரை ஒப்பேறும், கொஞ்சம் இறங்கியதும் கைவிட்டுவிடும். ஃபேனுக்கு நேர் கீழே நின்று அழுத்தினால் கேட்கிறது, தள்ளி நின்றால் இல்லை என்றால் செல்லை மாற்றுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ராடை நீளமாக்குவதுதான் வழி. காற்றும் நன்றாக வரும்.

கண் சுத்தம், தூரம் சரி, பீப்பும் இல்லை என்றால் சுவர் ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். போர்டு சில நேரம் திகைத்து நின்றுவிடும், செல்போன் உறைவது போல. சும்மா தட்டித் தட்டிப் போட்டால் போதாது. உள்ளே தேங்கிய கரண்டு வடிய நேரம் வேண்டும்.

பகலில் சரியாக இருக்கிறது. டியூப் லைட் போட்டால் மட்டும் ரிமோட் தடுமாறுகிறது. பேய் பிசாசா?

இல்லை, சோக். எலெக்ட்ரானிக் சோக் போட்ட டியூப் லைட்டும் சில சி.எஃப்.எல். பல்புகளும் பல்லாயிரம் ஹெர்ட்ஸ் வேகத்தில் துடிப்பவை. ரிமோட்டின் 38 கிலோஹெர்ட்ஸுக்கு அது பக்கத்தில் வந்துவிட்டால் ஃபேனின் கண்ணுக்குச் சந்தைக்கடை இரைச்சலில் பேச்சுக் கேட்பது போல ஆகிவிடும். லைட்டை அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். அணைத்ததும் கேட்டால் லைட்டை மாற்றுங்கள், ஃபேனை இல்லை. இதே போல மொட்டை மாடிக் கொட்டகையிலோ ஜன்னலோரத்திலோ நேர் வெயில் கண்ணில் விழுந்தாலும் தடுமாறும்.

ஒரு ரிமோட்டை அழுத்தினால் இரண்டு ஃபேனும் ஓடுகிறது.

ஒரே கம்பெனி ஐ.ஆர். ஃபேன் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் பாஷை ஒன்று. ஒரே கூடத்தில் இரண்டு மாட்டியவர்கள் எல்லோருக்கும் வரும் தலைவலி. கையை முனையைச் சுற்றிக் குழாய் மாதிரி குவித்து, வேண்டிய ஃபேனை மட்டும் குறி வைத்து அழுத்தலாம். வேண்டாத திசையிலிருந்து வரும் ஒளியை மறைக்க ஃபேன் கண்ணின் ஒரு பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். நான் செய்து கொடுத்திருக்கிறேன், அழகாக இருக்காது.

ஆர்.எஃப். என்றால் சிக்கல் சுவரையும் தாண்டும். லாஸ்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி வீட்டு ஃபேன் நடுராத்திரி தானாக நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். கீழ் வீட்டுக்காரர் தூங்கப் போகும் நேரம் அது. சாதாரண ஃபேனுக்கு மாட்டும் பழைய ரிமோட் கிட் ஒன்றில் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும், ரிமோட்டிலும் மேலே பெட்டியிலும். இரண்டு வீட்டிலும் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஒரே வரிசையில் இருந்தன. மாடி வீட்டில் ஒன்றை மட்டும் இரண்டு பக்கமும் மாற்றி வைத்தேன், தீர்ந்தது. இப்போது வருபவை ஜோடி சேர்க்கும் வகை. சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்ட சில விநாடிக்குள் ரிமோட்டில் ஒரு குறிப்பிட்ட பட்டனைப் பிடித்து அழுத்த வேண்டும், ஃபேன் பீப் அடித்து ஏற்றுக்கொள்ளும். எந்தப் பட்டன், எத்தனை விநாடி என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஃபேனோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தைத் தொலைத்தவர்கள் கம்பெனி வலைத்தளத்தில் மாடல் பெயர் போட்டுத் தேடுங்கள்.

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. அதுவும் ஆன்-ஆஃப் பட்டன்.

அதிகம் தேய்வது அதுதானே. ரப்பர் பட்டனின் அடியில் கறுப்பாகக் கார்பன் பொட்டு இருக்கும். அது போர்டைத் தொடும்போதுதான் சேதி போகும். விரல் எண்ணெயும் தூசியும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து இடையில் பிசினாகிவிடும். ரிமோட்டைத் திறக்கத் தெரிந்தால் (செல் அறைக்குள் திருகு இருக்கலாம், ஓரத்தில் கொக்கிகள் இருக்கும், உடைத்துவிடாதீர்கள்) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு இரண்டையும் துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் கூடாது, ரப்பர் ஊதிவிடும். துடைத்தும் கேட்காவிட்டால் கார்பன் தேய்ந்துவிட்டது. எழுதும் பென்சிலால் தேய்ப்பது, அலுமினியத் தாள் ஒட்டுவது எல்லாம் கொஞ்ச நாள் ஓடும். மாற்று ரிமோட் வரும்வரைக்கும் அது போதும்.

ஃபேன் தானாக நிற்கிறது, தானாக வேகம் குறைகிறது. ரிமோட் பைத்தியமாகிவிட்டதா?

டைமர் அல்லது ஸ்லீப் பட்டன் அழுந்தியிருக்கும். தலையணைக்கு அடியில் ரிமோட்டை வைத்துப் படுத்தால் இதுதான் நடக்கும். ஸ்லீப் போட்டால் நேரம் ஆக ஆக வேகம் குறையும். டைமர் போட்டால் குறித்த மணிக்கு நிற்கும். கத்திரி வெயில் நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்தவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். நம்புங்கள்.

கீழே விழுந்தது. / துணியோடு வாஷிங் மெஷினில் போய்விட்டது.

விழுந்ததற்கு: குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் ஏதோ பெயர்ந்துவிட்டது. பல ரிமோட்டுகளில் தாளம் கொடுக்கும் சின்ன ரெசனேட்டர் ஒன்று இருக்கும், அது செராமிக். டைல்ஸ் தரையில் விழுந்தால் விரிசல் விட்டுவிடும். செல் சரி, ஸ்பிரிங் சரி, ஆனாலும் மின்னவில்லை என்றால் அதைத்தான் சந்தேகிப்பேன். அதை மாற்ற ரிப்பேர் கடையில் ஆள் உண்டு, ஆனால் புது ரிமோட்டே லாபம்.

நனைந்ததற்கு: உடனே செல்லை எடுங்கள். எடுக்கும்வரை எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள். திறந்து, மின்விசிறி அடியில் இரண்டு நாள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் விசேஷம் ஒன்றுமில்லை. கடல் தண்ணீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் காய வைக்க வேண்டும். உப்பு உள்ளே இருந்தால் காய்ந்த பிறகும் தின்னும்.

புயலுக்குப் பிறகு எதுவுமே வேலை செய்யவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது வீடுகளில் எல்லாம் பழைய ஃபேன்தான். கரண்டு வரவே நாள்கணக்கானது, வந்ததும் ஃபேன் சுற்றியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கடந்தபோது கதை வேறு. இப்போது ஃபேனுக்குள் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கடையே இருக்கிறது. கரண்டு போவது பி.எல்.டி.சி. ஃபேனைக் கெடுக்காது. திரும்ப வரும்போது எகிறி வருவதும், இடிமின்னலில் லைனில் பாயும் அதிர்ச்சியும்தான் போர்டை அடிக்கும்.

பரிசோதனை சுலபம். சுவர் ஸ்விட்சை ஐந்து நிமிடம் அணைத்துப் போடும்போது ஃபேன் பீப் அடிக்கிறதா, விளக்கு இருந்தால் எரிகிறதா? எதுவும் இல்லை, அதே ஸ்விட்ச் போர்டில் மற்ற ஸ்விட்சுகள் வேலை செய்கின்றன என்றால் மேலே ஆள் வர வேண்டும். பீப் வந்து ரிமோட் மட்டும் கேட்காவிட்டால் ஜோடி விட்டுப்போயிருக்கலாம், திரும்பச் சேர்த்துப் பாருங்கள். அடுத்த புயல் சின்னம் உருவானதும் மெழுகுவத்தி வாங்குவதோடு, ஃபேன் லைனின் எம்.சி.பி.யையும் (மெயின் போர்டில் இருக்கும் டிரிப்பர் ஸ்விட்ச்) இறக்கி வையுங்கள். மெயின் போர்டில், எகிறி வரும் கரண்டைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு போட்டுக்கொண்டால் ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்து நல்லது.

வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஸ்விட்ச் போர்டு நனைந்திருந்தால் ரிமோட்டை மறந்துவிடுங்கள். எதையும் போடாதீர்கள்.

ரெகுலேட்டரும் இருக்கட்டும், ரிமோட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

கூடாது. ரெகுலேட்டர் வோல்டேஜை வெட்டிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் போர்டு அதைச் சாப்பிட்டுச் செரிக்க முடியாமல் ரிமோட்டைக் கேட்காமல் போகும், நின்று நின்று ஓடும், கடைசியில் கருகும். ரெகுலேட்டரைக் கழற்றி நேர் கம்பி கொடுப்பதே முறை. ஆள் வரும்வரைக்கும் முழு வேகத்தில் வைத்து, யாரும் திருகாதபடி டேப் ஒட்டுங்கள். புது ஃபேன் மாட்டிய ஒரே வாரத்தில் ரிமோட் சரியில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

பழைய ஃபேனுக்கே ரிமோட் கிட் மாட்டியிருக்கிறோம். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

செல், ஸ்பிரிங், ஐ.ஆர். என்றால் கேமரா சோதனை வரைக்கும் பொருந்தும். மேலே வேறுபடும். கிட்டின் பெட்டி கூரையோடு ஒட்டிய கப்புக்குள் திணிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய ஒற்றைக் கம்பி தொங்கினால் அது ஆன்டெனா. மாட்டியவர் அசிங்கமாக இருக்கிறதென்று அதை வெட்டியிருந்தாலோ இரும்பு ராடில் சுற்றியிருந்தாலோ பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அழுத்தும்போது மேலே 'டிக்' சத்தம் வருகிறது, ஃபேன் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் ரிமோட்டும் கிட்டும் நிரபராதிகள். ஃபேனின் கண்டென்சர் போய்விட்டது.

ரிமோட் தொலைந்துபோச்சு. இன்று ராத்திரி எப்படித் தூங்குவது?

சில மாடல்களில் சுவர் ஸ்விட்சை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டால் வேகம் படிப்படியாக மாறும். ஷாவ்மி போன்ற சில போன்களின் தலையில் ஐ.ஆர். பல்பு இருக்கும், அதிலுள்ள ரிமோட் செயலியில் ஃபேன் கம்பெனி பெயரைத் தேடிப் பாருங்கள். வைஃபை ஃபேன் என்றால் கம்பெனி செயலியே போதும்.

புதிதாக வாங்கும்போது பட்டன் வரிசை ஒன்று போல இருக்கிறதே என்று வாங்காதீர்கள். ஃபேனின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் குவியலில் கிடப்பதை ஆசைப்பட்டு எடுத்தால், கேமராவில் மின்னும், ஃபேன் திரும்பிக்கூடப் பார்க்காது. பாஷை வேறு.

நானே ஃபேனைக் கழற்றிப் பார்க்கலாமா?

வேண்டாம் என்பேன். பிழைப்புக்காகச் சொல்லவில்லை. பழைய வீடுகளில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். ஸ்விட்சை அணைத்தாலும் மேலே கம்பியில் உயிர் இருக்கும். பி.எல்.டி.சி. போர்டில் 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி 325 வோல்ட் வரை கண்டென்சரில் தேங்கி நிற்கும், மெயினை இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம். கண்ணைத் துடைப்பது, செல் மாற்றுவது வரை உங்கள் எல்லை.

போர்டு போய்விட்டது என்கிறார்கள். மாற்றுவதா, புது ஃபேனா?

பில்லைத் தேடுங்கள் முதலில். வாரன்ட்டி இருந்தால் வெளி ஆள் யாரையும் திறக்க விடாதீர்கள், என்னையும் சேர்த்து. ரிமோட்டுக்குத் தனிக் காலம் போட்டிருக்கிறதா என்றும் அட்டையில் பாருங்கள்.

வாரன்ட்டி முடிந்திருந்தால் போர்டின் விலை புது ஃபேனில் பாதியைத் தொடாதவரை மாற்றலாம். மோட்டாரும் இறக்கையும் நன்றாகவே இருக்கும். "பழையபடி சாதாரண ஃபேனே மாட்டிடு தம்பி, ரிமோட் தொல்லை வேண்டாம்" என்று சொல்பவர்களிடம் ஒரு கணக்குச் சொல்வேன். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட், இது சுமார் 30. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் வித்தியாசம், ஒரு ஃபேனுக்கு. கடலூர்ப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் ஒரு பில்லுக்கு 40 யூனிட். மூன்று ஃபேன் உள்ள வீட்டில் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மெலிதான அட்டை மாதிரி ரிமோட்டுகளில் சி.ஆர். 2025 போன்ற பொத்தான் செல் இருக்கும். குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பொசுக்க ஆரம்பித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கக்கூடாது. செல் மூடி தளர்ந்த ரிமோட்டைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். தீர்ந்த செல்லையும் குப்பையில் கண்ட இடத்தில் போடாமல், முனையில் டேப் சுற்றித் தனியாக வையுங்கள்.

ரிமோட்டை எங்கே வைப்பது நல்லது?

கடல் பார்த்த ஜன்னலில் வேண்டாம், அடுப்படித் திண்டில் வேண்டாம், தலையணைக்கு அடியிலும் வேண்டாம். சுவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஹோல்டர் அடித்து அதில் வைக்கலாம். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவராக இருந்தால் உள்சுவராகப் பாருங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது செல்லைக் கழற்றி வையுங்கள்.

ஓல்டு டவுன் தாத்தா வீட்டில் நான் கடைசியாகப் போனபோது ரிமோட்டைச் சணல் கயிற்றில் கட்டி ஸ்விட்ச் போர்டுக்குக் கீழேயே தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்விட்சின் மேல் செல்லோ டேப் ஒட்டி, "தொடாதே" என்று பேத்தியின் கையெழுத்து. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை.